ரேயால் திவியேர்ஜ் சொல்லாத பதில்

எங்கள் தெருவில் ரேயால் திவியேர்ஜின் குரலைக் கேட்டவர்களைவிட அவருடைய வண்டியின் ஓசையைக் கேட்டவர்களே மிகுதி. மொன்றியல் நகராட்சியில், நடைபாதைப் பனியை அகற்றும் சிறு வண்டியை அவர் ஓட்டினார். நடைபாதையின் அகலமே தன் அகலமாகக் கொண்ட அவ்வண்டி, குளிர்காலம் முழுவதும் வெர்டன் பகுதியின் ஒவ்வொரு வாசலையும் உறுமிக்கொண்டே கடந்து செல்லும். உள்ளே அமர்ந்திருப்பவர் பேச வேண்டியதில்லை. பேசினாலும் எவருக்கும் கேட்காது. அந்த வேலை தமக்கென்றே அமைந்தது என்று ரேயால் எண்ணியிருக்கலாம். அவர் அப்படிச் சொன்னதில்லை.

அவர் ஊமையல்லர், செருக்குடையவரும் அல்லர். காஸ்பேசிக் கடற்கரையில், ஒன்பது பிள்ளைகள் இருந்த வீட்டில் எட்டாவதாகப் பிறந்தவர். உணவு மேசையில் அவர் வாயைத் திறப்பதற்குள் வேறொருவர் பேசி முடித்துவிடுவார். அதற்குள் உருளைக்கிழங்கும் தீர்ந்துவிடும். ஆகவே வாயை உண்பதற்கு மட்டும் பயன்படுத்துவது என்று அவர் சிறு வயதிலேயே முடிவு செய்துவிட்டார் என்பது அவருடைய அக்காள் யூகெட்டின் விளக்கம்.

பேசாதவருக்காகப் பிறர் பேசிவிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் நாளன்று வண்டி ஓட்ட ஆள் வேண்டும் என்று நகராட்சி வண்டிக் கொட்டகையின் மேற்பார்வையாளர் கேட்கும்போதெல்லாம், ரேயால் மறுத்து ஒன்றும் சொல்லாததால் அவர் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்பட்டது. அவ்வகையில் அவர் வாழ்நாளின் பெரும்பாலான கிறிஸ்துமஸ்கள் பனிவண்டியிலேயே கழிந்தன. இதற்கு நேர்மாறாக, இளமையில், ரொட்டிக் கடையில் பணிபுரிந்த ஒரு பெண் இரண்டு கோடைகாலங்கள் அவருடன் ஆற்றங்கரையில் நடந்து, அவர் திருமணப் பேச்சை எடுப்பார் என்று காத்திருந்தார். அவர் எடுக்கவில்லை. அப்பெண் அதை மறுப்பென்று கொண்டு, லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்துகொண்டார். ஒரே மனிதரின் ஒரே மௌனம், கொட்டகையில் உடன்பாட்டு வினையாகவும் ஆற்றங்கரையில் எதிர்மறை வினையாகவும் பொருள்பட்டது. இரண்டு இடங்களிலும் பொருளை வகுத்தவர் அவர் அல்லர்.

நாங்கள் குடியிருந்தது மூன்றடுக்கு வீடு. கீழ்த்தளத்தில் உரிமையாளர், நடுத்தளத்தில் ரேயாலும் யூகெட்டும், மேல்தளத்தில் நான். இரும்புப் படிக்கட்டு வெளிப்புறமாக வளைந்து ஏறும். ரேயால் அந்த நடுத்தளத்திற்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. யூகெட், சர்க்கரை நோயால் பார்வையை இழந்த பிறகு, பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு அங்கு வந்து சேர்ந்தார். அன்றே வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயரையும் ரேயால் சேர்த்துவிட்டார்.

யூகெட் அந்த வீட்டுக்குள் கைத்தடியைத் தொடுவதில்லை. அடுப்பின் திருகுகளில் ரேயால் பசைத்துளிகளை இட்டு உலரவைத்திருந்தார். அவற்றைத் தடவிப் பார்த்தே யூகெட் பட்டாணி சூப்பைக் கொதிக்கவிடுவார். தாழ்வாரத்தின் நடுவில் ஒரு பலகை முனகும். அந்த இடத்தில் திரும்பினால் குளியலறை. குளிர்பெட்டி ஓயாமல் உறுமும். அந்த உறுமல் எந்தக் காதில் விழுகிறது என்பதைக்கொண்டு வீட்டின் எந்த மூலையில் நிற்கிறோம் என்பதை அவர் அறிந்துகொள்வார். ஒருமுறை நான் அதை வியந்தபோது அவர் சிரித்தார்.

“எனக்கு இந்த வீட்ல கண்ணு தெரியும் சார். படி எறங்கினாத்தான் குருடி.”

பழைய உரிமையாளர் இறந்ததும் அவருடைய வாரிசுகள் வீட்டை விற்றார்கள். வாங்கியவர் சில்வேன் தூசே. கீழ்த்தளத்திற்குக் குடிவந்த அவர் கார் டயர்க் கடை வைத்திருந்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல இயலாது. வாசற்படிக்குத் தாமே வண்ணம் பூசினார். என் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டபோது ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் மேலேறி வந்து சரிசெய்தார். அவருக்கு ஒரு மகன் இருந்தான். அந்த மகனுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது.

எங்கள் மாகாணத்தில் உரிமையாளர் தம் பிள்ளைக்காகக் குடியிருப்பைத் திரும்பக் கேட்கலாம்; ஆனால் ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே எழுத்து வடிவில் அறிவிக்க வேண்டும். டிசம்பர்த் தொடக்கத்தில் ஒரு மாலை, தூசே அறிவிப்போடு படிக்கட்டில் காத்திருந்தார். ரேயால் பணிமுடிந்து வந்துகொண்டிருந்தார்.

“மிஸ்யே ரேயால், தப்பா நெனைக்காதீங்க. இது என் பையன் ஃபெலிக்ஸுக்காக. அந்தப் பொண்ணோட தனியா இருக்கணுங்கறான். எங்க பாத்தாலும் வாடகை யானை வெலை. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஒரு மாசத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்.”

ரேயால் படித்தார், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்டார், பிறகு படிக்கட்டைப் பார்த்தார்.

“கால் வழுக்கும். மூணாவது படியில பனி கரைய உப்பு போடணும்,” என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் தூசேயிடம் பேசியது அவ்வளவுதான்.

ஒரு மாதம் சென்றது. ரேயால் ஒரு சொல்லும் சொல்லவில்லை, யூகெட்டிடமும் சொல்லவில்லை. தூசே அதை ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டார். அதற்காக அவரைக் குறைகூறுவது நேர்மையாகாது. எங்கள் ஊரில் குளிர்காலந்தோறும் வாடகை உயர்வு அறிவிப்பு வரும். அதற்கு ஒரு மாதத்திற்குள் பதில் சொல்லாவிட்டால் உயர்வுக்கு இணங்கியதாகவே சட்டம் கொள்ளும். அதை மறந்து ஆண்டு முழுவதும் கூடுதல் வாடகை கட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே பலர். எனவே ‘பதில் இல்லையேல் சம்மதம்’ என்பது எங்கள் எல்லோருடைய உள்ளத்திலும் பதிந்திருந்தது. உரிமையாளரும் அப்படியே நம்பினார். வாடகைதாரரும் அப்படியே நம்பினார்.

தூசே நன்றியுணர்வு உடையவர். ஜனவரியில் அவர் மனைவி சுட்ட, சர்க்கரைப் பை என்னும் வட்டமான இனிப்புப் பண்டம் ஒன்றை மேலே கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு வாரங்கள் கழித்து மற்றொன்று வந்தது. யூகெட்டுக்கு ஐயம் எழுந்தது. எனக்கும் ஒரு துண்டு கொடுப்பதற்காகக் கதவைத் திறந்துவைத்திருந்ததால், அவர் தம்பியிடம் கேட்டதை நானும் கேட்டேன்.

“இந்த ஆளு எதுக்குடா நமக்குத் தின்னக் குடுக்கறான்? சந்தைக்குப் போற பன்னிக்குத்தான் இப்படிப் போடுவாங்க.”

ரேயால் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார்.

“நீ தின்னு. எனக்கு மோந்து பாத்தாலே சர்க்கரை ஏறுது,” என்றார் யூகெட்.

பிப்ரவரியில், மதுக்கடையிலிருந்து கொண்டுவந்த காலி அட்டைப் பெட்டிகளை ரேயால் பின்பக்கக் கொட்டகைக்குள் அடுக்குவதை என் பால்கனியிலிருந்து கண்டேன். எங்கள் ஊரில் அந்தப் பருவத்தில் பெட்டி சேர்ப்பவருக்கு ஒரே ஒரு காரணந்தான் இருக்க முடியும். ஜூலை முதல் நாள் ஊர் முழுவதும் வீடு மாறும் நாள். என்ன செய்தி என்று நான் வினவினேன். அவர் யூகெட்டின் சன்னலைச் சுட்டிக்காட்டி, அங்கே கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் தலையை அசைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் நடந்ததைச் சில சொற்களில் சொன்னார். வேலை முடிந்ததும் வீடு பார்க்கப் போவதாகவும் சொன்னார். பார்த்தவற்றின் வாடகை இப்போதையதைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஓரிடத்தில், அக்காவுக்குப் பார்வையில்லை என்று கேட்டதும் அந்த வீட்டுக்காரர், வேறு ஒருவருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டதாக நினைவுகூர்ந்தாராம்.

மார்ச் மாதம் ஒரு நண்பகலில் தூசே மகனுடன் மேலேறி வந்து கதவைத் தட்டினார். குழாய் பார்க்க வந்திருப்பார் என்று எண்ணி யூகெட் உள்ளே விட்டார். வந்தவர்கள் சமையலறையில் நடமாடினார்கள். சரக் என்று ஓர் ஒலி எழுந்தது. பிறகு மீண்டும் ஒருமுறை.

“அது என்ன சத்தம்?” என்று யூகெட் கேட்டார்.

“அளவு நாடா, மதாம்,” என்றான் ஃபெலிக்ஸ்.

“என் சமையலறை பெருசாயிருக்கான்னு பாக்கறீங்களோ?”

“இல்ல மதாம், ஃப்ரிட்ஜை அந்தப் பக்கம் தள்ளினா மேசை போடலாமான்னு பாத்தேன். ஜூலைல நாங்க வரும்போது.”

“யாரு வரும்போது?”

திருகைத் தடவி அடுப்பை அணைத்ததாக யூகெட் பின்னர் சொன்னார்.

“உங்க தம்பி சொல்லலியா மதாம்?” என்று தூசே தயங்கிக் கேட்டார்.

“என் தம்பி மழை பெய்யுதுன்னுகூடச் சொன்னதில்ல. நீங்க சொல்லுங்க.”

தூசே சொன்னார். அவர் இறங்கிச் சென்றபோது படிக்கட்டு வழக்கத்தைவிட மெதுவாக ஒலித்தது.

அன்று மாலை ரேயால் கதவைத் திறந்ததும் கீழ்த்தளத்திற்கும் மேல்தளத்திற்கும் கேட்கும்படி யூகெட் தொடங்கினார்.

“வாய் எதுக்குடா வெச்சிருக்க? சூப் குடிக்கவா?”

“எப்படிச் சொல்றதுன்னு தெரியல அக்கா.”

“முடியாதுன்னு சொல்லணும். நாலு எழுத்து. இந்தா, நான் சொல்லிட்டேன். ஒரு மாசம் குடுத்தானாமே. மாசம் பூராவும் வாயை மூடிக்கிட்டு வீட்டைத் தூக்கிக் குடுத்துட்டியே.”

“வேற வீடு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“அங்க ஃப்ரிட்ஜ் எந்தப் பக்கம் உறுமும்னு பாத்தியா? திருகுல பசை வெச்சாச்சா? எனக்கு அறுபத்தாறு வயசு. இன்னொரு வீட்டை நான் எத்தன வருஷம் தடவித் தடவிப் படிக்கணும், சொல்லு.”

நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. நெடுநேரம் கழித்து யூகெட்டின் குரல் தணிந்து கேட்டது.

“சூப் ஆறிடும். குடி.”

மறுநாள் யூகெட் என்னிடம், வாடகைதாரர் குழுவின் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். தேவாலயத்தின் அடித்தளத்தில் இருப்பதாகச் சொன்னேன். சனிக்கிழமை மூவரும் சென்றோம். வழியெல்லாம் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. யூகெட் ஒரு கையால் தம்பியின் தோளையும் மறு கையால் கைத்தடியையும் பற்றி நடந்தார். ஒன்றும் கிடைக்காது என்று தமக்குத் தெரியும் என்றும், இருந்தாலும் யாரிடமாவது திட்டித் தீர்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

குழுவில் எங்களை வரவேற்றவர் மிர்லாந்த், ஹைத்தியிலிருந்து குழந்தைப் பருவத்தில் வந்தவர், முப்பது வயதிருக்கும். மேசையில் அவர் பாதி உண்ட வாழைக்காய் வறுவல் இருந்தது. அறிவிப்பைப் படித்துவிட்டு, நேராக ரேயாலைப் பார்த்துக் கேட்டார்.

“இதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?”

ரேயால் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணும் சொல்லல.”

“எழுத்துல?”

“ஞானஸ்நானத்துக்கு அப்புறம் அவன் ஒண்ணுமே சொன்னதில்லம்மா,” என்றார் யூகெட். “அன்னைக்கும் அழுதது நான்தான்.”

“சரி. உங்க வீட்டுக்காரர் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போனாரா? உங்களுக்கு அங்கேருந்து ஏதாவது வந்துதா?”

“இல்ல.”

“நிச்சயமா?”

“அவர் எதுக்குப் போகணும்?” என்று நான் குறுக்கிட்டேன். “பதில் சொல்லலேன்னா சம்மதம்தானே.”

மிர்லாந்த் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் புன்னகைத்தார்.

“எல்லாரும் இப்படித்தான் சொல்லிக்கிட்டு வர்றாங்க. அது வாடகை ஏத்தற காகிதம், மிஸ்யே. இது வீட்டைத் திருப்பிக் கேக்கற காகிதம். அதுல பேசாம இருந்தா சம்மதம். இதுல பேசாம இருந்தா மறுப்பு. வாடகைக்காரர் மறுத்துட்டா வீட்டுக்காரர் ஒரு மாசத்துக்குள்ள தீர்ப்பாயத்துல அனுமதி கேக்கணும். அந்த மாசமும் போயிடுச்சு. அவர் கேக்கல.”

“அப்படீன்னா?” என்றார் யூகெட்.

“அப்படீன்னா ஜூலைல நீங்க எங்கயும் போகல. உங்க தம்பி ஜனவரியிலயே முடியாதுன்னு சொல்லிட்டாரு. அவருக்கே தெரியாம.”

யூகெட் கைத்தடியின் மீது இரு கைகளையும் வைத்து, நெற்றியை அதன்மேல் சாய்த்துக்கொண்டார். அழுகிறார் என்று எண்ணினேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

“அறுபது வருஷமா இவன்கிட்ட வாயத் தொறன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். கடைசியில மூடினதுக்குத்தான் பரிசு.”

மிர்லாந்த் மற்றொன்றையும் சொன்னார். தூசே அடுத்த டிசம்பரில் மீண்டும் அறிவிப்புக் கொடுக்கலாம். அப்போது முறைப்படி தீர்ப்பாயத்துக்கும் போகலாம். ஆனால் முதியவர்களை இவ்வாறு வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டமொன்றை வலுப்படுத்த வேண்டும் என்று குழுக்கள் கோரி வருவதாகவும், அது மாகாணச் சட்டமன்றத்தின் முன் இருப்பதாகவும் சொன்னார். வேண்டுமானால் தூசேக்குத் தாமே எழுதித் தெரிவிப்பதாகவும் கூறினார்.

“நீங்க எழுதுங்க,” என்றார் யூகெட் உடனே.

“வேணாம்,” என்றார் ரேயால். “நான் சொல்றேன்.”

யூகெட் தம்பியின் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

திங்கட்கிழமை காலை ரேயால் வாசற்படியில் எஞ்சியிருந்த பனிக்கட்டியை உளியால் உடைத்துக்கொண்டிருந்தார். தூசே கடைக்குப் புறப்பட்டு வந்தார். நான் குப்பைப் பையுடன் மேலே நின்றிருந்தேன். இறங்குவதா ஏறுவதா என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

ரேயால் உளியைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

“மிஸ்யே தூசே. நாங்க போகல.”

தூசே முதலில் விளங்கிக்கொள்ளவில்லை. ரேயால் மிர்லாந்த் சொன்னதை அப்படியே சொன்னார். தூசேயின் முகம் சிவந்தது.

“என்னய்யா பேசறீங்க? அன்னைக்கே ஒரு வார்த்தை முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் தீர்ப்பாயத்துக்குப் போயிருப்பேனே.”

“ஆமா.”

“வேணும்னேதான் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களா?”

“இல்ல. பயத்துல.”

தூசே கேட்க நினைத்திருந்த அடுத்த கேள்வி அதனால் பயனற்றுப் போயிற்று. கார்ச் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அப்போது ரேயால் பேசினார். நான் அறிந்தவரை அதுவே அவருடைய மிக நீண்ட பேச்சு.

“என் அக்காவுக்கு இந்த வீட்டுக்குள்ளதான் கண்ணு தெரியும். வேற எடத்துல தெரியாது. உங்க பையனுக்கு வீடு வேணும், அது எனக்குப் புரியுது. ஆனா நாங்க போக முடியாது. இத டிசம்பர்லயே உங்க மொகத்துக்கு நேரா சொல்லியிருக்கணும். சொல்லாதது தப்பு. போகாதது தப்பு இல்ல.”

தூசே படிக்கட்டைப் பார்த்தார்.

“வர்ற டிசம்பர்ல மறுபடியும் குடுப்பேன்.”

“குடுங்க. அன்னைக்கே பதில் சொல்றேன்.”

தூசே ஒரு வழக்கறிஞரைக் கலந்தாலோசித்தார். அவரும் மிர்லாந்த் சொன்னதையே, கட்டணம் பெற்றுக்கொண்டு சொன்னார் என்று பின்னர் அறிந்தோம். சர்க்கரைப் பை வருவது நின்றது. “பன்னி தப்பிச்சுடுச்சு, தீனி நின்னுபோச்சு,” என்றார் யூகெட்.

ஜூன் தொடக்கத்தில் சட்டமன்றம் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர், பத்தாண்டுகளாக ஒரே வீட்டில் குடியிருப்பவர், குறைந்த வருமானமுடையவர் என்னும் மூன்றும் பொருந்தினால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அவரிடமிருந்து குடியிருப்பைத் திரும்பப் பெற இயலாது. மிர்லாந்த் தொலைபேசியில் அழைத்து, ஒப்பந்தத்தில் யூகெட்டின் பெயரும் இருக்கிறதா என்று இருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். விதிவிலக்கு எதுவும் தூசேக்குப் பொருந்தவில்லை.

“வயசானதுக்கு மொதத் தடவையா சந்தோஷப்படறேன்,” என்று யூகெட் சன்னல் வழியாக எனக்கு அறிவித்தார். “டேய், அந்தப் பொட்டியெல்லாம் எடுத்துட்டுப் போயி யாருக்காவது குடு. கொட்டகையில எனக்குக் கால் இடிக்குது.”

அந்தப் பெட்டிகள் வீணாகவில்லை. ஃபெலிக்ஸுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சிறு வீடு கிடைத்தது. ஜூன் இறுதியில் ரேயால் பெட்டிகளைக் கீழே கொண்டுபோய் தூசேயின் வாசலில் அடுக்கினார். தூசே கதவைத் திறந்து பெட்டிகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நன்றி என்றார். பிறகு, ஒன்றாம் தேதி சோபாவைத் தூக்க ஆள் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். அது கேள்வியா செய்தியா என்பது தெளிவாக இல்லை. ரேயால் தலையை அசைத்துவிட்டு மேலே வந்தார்.

ஜூலை முதல் நாள் வெயில் கொளுத்தியது. தெருவெங்கும் மெத்தைகளும் சலவை இயந்திரங்களும் நடைபாதையில் நின்றன. ரேயால் குளிர்காலத்தில் வண்டி ஓட்டும் அதே நடைபாதையில், சோபாவின் ஒரு முனையை அவரும் மறுமுனையை தூசேயும் தூக்கிச் சென்றார்கள். நான் விளக்கொன்றைச் சுமந்து, யூகெட் என் தோளைப் பற்றிக்கொள்ள, பின்னால் சென்றேன். ஃபெலிக்ஸின் புதிய வீடும் நடுத்தளந்தான். அங்கும் வளைந்த படிக்கட்டு. பாதி ஏறியதும் சோபா கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. மேலே தூசே; கீழே, பாரம் முழுவதையும் மார்பில் தாங்கியவராக ரேயால்.

“இடப்பக்கம் சாய்ச்சு இழுக்கட்டுமா?” என்று தூசே கேட்டார்.

பதில் இல்லை. தூசே இழுக்கக் கையை வைத்தார். வைத்த கையை எடுத்துவிட்டார்.

“இல்ல மிஸ்யே ரேயால். நீங்க பேசாம இருந்தா நான் இனிமே எதையும் முடிவு பண்றதா இல்ல. இழுக்கவா, வேணாமா? வாயத் தொறந்து சொல்லுங்க.”

படிக்கட்டின் கீழே கைத்தடியில் சாய்ந்து நின்றிருந்த யூகெட் பெருங்குரலில் சிரித்தார்.

“வேணாம்,” என்றார் ரேயால் மூச்சுவாங்கியபடி. “வலப்பக்கம்.”